காசிமேட்டு விடியல்: காபியா, டீயா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். அந்தக் கூட்டத்தில் ஃபில்டர் காபி தேடினால் சிரமம்தான். சட்டுனு கைக்கு வருவது டீ. காரணம் ருசி இல்லை, நேரக் கணக்கு என்று தோன்றுகிறது.

டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். எடுத்து வைத்தது தீர்ந்தால் அவ்வளவுதான். இரண்டாம் டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கும். டீ அப்படி இல்லை. 1930-களில் அசாமில் வந்த சிடிசி எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்கியது. அந்தத் தூள், வடிகட்டித் துணியில் வெந்நீர் பட்டதுமே சாறு விடும். கூட்டம் கூடினா மாஸ்டர் இன்னும் கொஞ்சம் தூள் போட்டால் போதும். இன்ஸ்டன்ட் காபியும் உடனே வரும்தான், ஆனா அது வேற ருசி.

அன்னக்கூடையோடு வரும் மீன்கார அம்மாவுக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிசு. வீடுகளில் உலை வைக்கும் முன் தெருவுக்குப் போய்ச் சேரணும். பிந்தினால் மீனும் வாடும், விலையும் இறங்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கூட்டம் குறையும், நிதானமாகக் காபி கேட்கலாம். கடைக்காரருக்குத்தான் கல்லா காயும்.