உங்களுக்குத் தெரியுமா? பொது வார்டில் ஒரு முன்னாள் அமைச்சர்

மதுரை மாவட்டம் மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர் பி. கக்கன். 1939-இல் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த குழுவில் இவரும் ஒருவர். வழிவழியாகக் கோயில் வாசலிலேயே தடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவர், பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். 1952-இல் மதுரையிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

1957-இல் சட்டமன்றத்துக்கு வந்ததும் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை இவர் கைக்கு வந்தது. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது துறையின் அமைச்சர் இவர்தான். அடுத்து வேளாண்மை, உள்துறை. 1967 தேர்தலில் காங்கிரஸ் வீழ்ந்தபோது இவரும் தோற்றார்.

பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் பதவி போனதும் வாடகை வீட்டில் குடியிருந்தார், டவுன் பஸ்ஸில் போய்வந்தார். எத்தனையோ பெரிய ஒப்பந்தங்கள் இவர் மேசையைக் கடந்து போயிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். உடல் நலிந்தபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில்தான் படுத்திருந்தார். அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க வந்த அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். விஷயம் அறிந்து பதறி, நேரில் சென்று பார்த்து, சிகிச்சைக்கு வசதி செய்துகொடுத்தார். 1981 டிசம்பர் 23-இல் கக்கன் மறைந்தார்.

தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள்.