நிற்கட்டும் ஒன்று! ஓடட்டும் ஒன்று!



சாஃப்ட்வேர் என்றால் எப்பவும் புதுசாத்தான் இருக்கணும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "இன்னும் பழைய வெர்ஷனா?" என்று கேலியும் செய்கிறோம். ஆனால் வேண்டுமென்றே ஒரு வெர்ஷனை மாற்றாமல் உறைய வைக்கும் முறையும் உண்டு. அது ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த உதாரணம். நம் பாலிடெக்னிக்குகளில் புது ஸ்கீம் வரும்போது, பழைய ஸ்கீமில் சேர்ந்தவர்களின் பாடத்தை நடுவில் மாற்றுவதில்லை. அவர்கள் அதிலேயே படித்து முடிக்கிறார்கள். புது ஸ்கீம் புதிதாகச் சேருபவர்களுக்கு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. எனக்கு அச்சடித்த சிலபஸ்தான் அண்ணன்! அது வாரத்துக்கு ஒருமுறை மாறினால் என்னை மாதிரி ஆள் பாடு திண்டாட்டம்தான்.

சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் 'டெபியன்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை 1993-இல் இயான் மர்டாக் தொடங்கினார். அதில் புதிய புரோகிராம்கள் முதலில் 'சிட்' என்ற கிளைக்கு வரும். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது! அங்கே சில நாள் பெரிய கோளாறு இல்லாமல் ஓடினால் 'டெஸ்டிங்' கிளைக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறைய வைத்து, பிழை திருத்தி, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுகிறார்கள். 2023 ஜூனில் 12, 2025 ஆகஸ்டில் 13 வெளிவந்தன.

ஏன் உறைய வேண்டும்? சோதித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று என்றால் சோதனைக்கே அர்த்தமில்லை.

2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் 'சிட்' ஓடிய கம்ப்யூட்டரில், எஸ்.எஸ்.ஹெச். லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' புரோகிராமின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் கள்ளத்தனமாக ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது! அது சிட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டது. ஸ்டேபிளில் இருந்ததோ பழைய 5.4.1. அதனால் அது தப்பித்தது!

கவனியுங்கள்: ஓடும் கிளை இருந்ததால் திருட்டு சீக்கிரம் பிடிபட்டது, நிற்கும் கிளை இருந்ததால் அதை நம்பியவர்கள் பிழைத்தார்கள். இரண்டுமே வேண்டும்.

"பழசிலும் ஓட்டை இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருக்கும். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1ஜி வெர்ஷனில் அது சரி செய்யப்பட்டது. டெபியன் 7-இல் இருந்தது 1.0.1இ. அவர்கள் புது வெர்ஷனுக்குத் தாவவில்லை; அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழையதில் பொருத்தினார்கள். உறைதல் என்றால் கைவிடுதல் அல்ல. ஓட்டையை அடைப்பார்கள், வீட்டை இடிக்க மாட்டார்கள்!

நம்ம புராஜெக்டுக்கும் இது பொருந்தும். நன்றாக ஓடும் ஒரு காப்பியை வைவாவுக்கு ஒரு வாரம் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். புது யோசனைகளை எல்லாம் இன்னொரு காப்பியில் செய்து பாருங்கள். எக்ஸ்டர்னல் முன்னால் ஓட வேண்டியது, ஏற்கெனவே ஓடிக் காட்டியதுதான்!