கொடைக்கானலில் வேகாத சோறு

வீராம்பட்டினம் கடற்கரையில் வளர்ந்த எனக்கு மலை என்றாலே புதுசு. விழுப்புரம், திருச்சி, வத்தலக்குண்டு என்று நின்று நின்று போனோம். வெள்ளி அருவியில்தான் நெடுநேரம். மேலேயுள்ள கொடைக்கானல் ஏரி (1863-ல் லெவிஞ்ச் துரை கரை கட்டி உண்டாக்கியது) வழிந்து விழும் நீர் அது.

இரவு கூடாரம் அடித்து உலை வைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகவில்லை. "பழைய அரிசிடா!" என்று வாங்கி வந்தவனைத் திட்டித் தீர்த்தோம். பாவம், சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

உண்மை வேறு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதற்குமேல் சூடு ஏறாது. மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் ஏறும். மறுநாள் இரவல் குக்கரில் அதே அரிசி பூவாக வெந்தது. முதல் தட்டை அவனிடம் நீட்டினேன். "பழைய அரிசி எனக்கு வேணாம்டா" என்றான்.