நிவாரணப் பணத்தை மின்வழி வழங்கல்

நிவாரணப் பணத்தை மின்வழி வழங்கல் என்பது பேரிடர், போர், வறுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட மக்களுக்குரிய உதவித்தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், வங்கிக் கணக்கு, மின் அட்டை அல்லது செல்லிடத் தொலைபேசிக் கணக்கின் வழியாகச் செலுத்தும் முறை ஆகும். பன்னாட்டு உதவி நிறுவனங்களும் அரசுகளும் 2000களின் பிற்பகுதியில் இருந்து இம்முறைக்கு மாறி வருகின்றன. பணம் இடையில் கசியாமல் உரியவரைச் சேரும் என்பதே இதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். கணக்கில் சேர்ந்த பணம் கைக்கு வந்துவிட்டதாகுமா என்பது வேறு கேள்வி.

தோற்றம்

கென்யாவில் 2007ஆம் ஆண்டு சபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்னும் செல்லிடப் பணச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலை அடுத்து வன்முறை வெடித்தது. அப்போது சாலை வழியே பணம் கொண்டு செல்வது இடர் மிகுந்ததாக இருந்தமையால், அயர்லாந்தைச் சேர்ந்த கன்சர்ன் நிறுவனம் 2008இல் கெரியோ பள்ளத்தாக்கு மக்களுக்கு எம்-பெசா வழியாக உதவி வழங்கியது. இது இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகும்.

2012 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் மூலதன வளர்ச்சி நிதியத்தின் கீழ் 'ரொக்கத்தினும் மேலான கூட்டணி' உருவானது. உதவி அமைப்புகளோடு விசா, சிட்டி ஆகிய நிறுவனங்களும் அதன் நிறுவனர்களாக இருந்தன. மின்வழிக் கொடுப்பனவு பெருகினால் ஆதாயம் அடையும் நிறுவனங்களே அதைப் பரப்பவும் முன்வந்தமை கவனிக்கத்தக்கது. இந்தியா 2015இல் இக்கூட்டணியில் இணைந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் நேரடிப் பயன் மாற்றம் 2013 சனவரி 1 அன்று தொடங்கியது. 2014 ஆகத்து மாதம் தொடங்கிய ஜன் தன் கணக்குகள் இதற்கு அடித்தளம் ஆயின. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்குச் செலுத்தப்பட்டது. வங்கிகளில் கூட்டம் சேராதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு நாள் ஒதுக்கப்பட்டது. 0, 1 என முடியும் கணக்குகளுக்கு ஏப்ரல் 3 முதல் நாளாக அமைந்தது. பணம் ஒரு நொடியில் நாடு முழுவதும் சென்றாலும், அதை எடுக்க வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இருவகை வழக்கும் அருகருகே நிலவின. முதியோர் உதவித்தொகை நெடுங்காலம் மணியார்டராக வந்தது. தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து எண்ணிக் கொடுப்பார். அவருக்குச் சிறு தொகை கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. 2010களில் இத்தொகை வங்கி வழிக்கு மாறியது. ஆயினும் 2021இல் கொரோனா நிவாரணமாகிய 4,000 ரூபாயும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலுக்குப் பின் வழங்கப்பட்ட 6,000 ரூபாயும் நியாய விலைக் கடைகளில் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டன. கணக்கில் செலுத்தாதது ஏன் என்ற கேள்வி அப்போது எழுந்தது. குடும்ப அட்டை ஏறத்தாழ எல்லோரிடமும் உண்டு. கடையும் நடை தூரத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் வங்கிப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் இழந்தவருக்கு இது சிறிய வசதி அன்று.

களம்பூரும் நெசவூர்களும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கு அருகில் உள்ள பேரூராட்சியான களம்பூர், அரிசிக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றது. இத்தகைய ஊர்களில் பணம் எவ்வழியில் வருகிறது என்பது நெசவின் அமைப்போடு பிணைந்தது. நெசவாளர் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றைப் பெற்று, சேலையை நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். முதலாளியிடம் முன்பணம் வாங்கியவருக்குக் கூலியில் ஒரு பகுதி பிடித்தம் ஆகும். கூலி ரொக்கமாக வந்தவரை வீட்டுச் செலவும் மளிகைக் கடனும் அதைக் கொண்டே தீர்ந்தன. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, ரொக்கக் கூலியை நம்பிய கைத்தறித் தொழில் எங்கும் தடுமாறியது.

நெசவு வீடுகளில் தார் சுற்றுவதும் பாவு பிணைக்க உதவுவதும் பெரும்பாலும் பெண்களே. அவ்வேலைக்குத் தனிக் கூலி இல்லை. நெய்தவர் பெயரில் வரும் கூலியிலேயே அது அடங்கிவிடும். இந்நிலையில் பெண்ணின் பெயரிலுள்ள கணக்குக்கு நேரே வரும் தொகை, அளவில் சிறிதாயினும் தன்மையில் வேறானது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் இவ்வாறு அனுப்பப்பட்டது. முதல் தவணையிலேயே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் தொகையைப் பிடித்துக்கொண்டன. அவ்வாறு செய்யலாகாது என மாநில அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. தபால்காரருக்குக் கொடுத்த காசாவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்பிடித்தம் பலருக்குக் குறுஞ்செய்தியாகவே தெரிய வந்தது.

சிக்கல்கள்

ஆதார் வழிக் கொடுப்பனவில், பணம் ஒருவரின் ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்குச் செல்லும். ஒருவர் இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருந்தால் எதில் பணம் விழுந்தது என்பதே தெரியாமல் போகலாம். 2017இல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகள் தொடங்கப்பட்டு, அவர்களது சமையல் எரிவாயு மானியம் அவற்றுக்குச் சென்றமை தெரிய வந்தது. இதனால் அந்நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில், ரேகை தேய்ந்த முதியவரும் உடலுழைப்பாளரும் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. அப்பணம் திருட்டுப் போகவில்லை, ஆனால் கிடைக்கவும் இல்லை.

போர்ச்சூழலில் இச்சிக்கல்கள் உயிரோடு தொடர்புடையவை. ஏமனில் 2019இல் பயனாளிகளின் உடற்கூற்றுப் பதிவு குறித்து உலக உணவுத் திட்டத்துக்கும் ஊத்தி இயக்கத்துக்கும் உடன்பாடு ஏற்படாமையால் உணவு உதவியின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. ஆப்கானித்தானில் 2021 ஆகத்து மாதத்துக்குப் பின் வங்கிகள் முடங்கியதால், ஐக்கிய நாடுகள் அவை டாலர் தாள்களை வானூர்தியில் காபூலுக்குக் கொண்டு சென்றது. சூடானில் தன்னார்வலர் நடத்திய பொதுச் சமையலறைகள், வெளிநாட்டில் இருந்தோர் பாங்கக் என்னும் செல்லிடச் செயலி வழியாக அனுப்பிய பணத்தில் இயங்கின. 2024 பிப்ரவரியில் இணையமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டபோது, பணம் வர வழியின்றி அவற்றில் பல அடுப்பு மூட்டாமல் நின்றன.