மன்னிப்பும் வழக்கும்: மனைவி நினைத்தால் திரும்பப் பெறலாமா?



"சாமி, அவர் திருந்திட்டேன்னு சொல்றார். கேஸை வாபஸ் வாங்கிடலாமா?" பங்கு இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்கும் பெண் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மாமியாரோ, தாய்மாமனோ, அன்பியத்துப் பெரியவரோ உடன் இருப்பார். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. சட்டம் என்ன சொல்கிறது? நம் விசுவாசம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டம். கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498அ பிரிவு 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக உள்ளது. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிவான பின் வழக்கை நடத்துவது மனைவி அல்ல, அரசு. சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இது இல்லை. ஆகவே காவல் நிலையத்தில் ஒரு தாளில் கையெழுத்திடுவதால் வழக்கு முடிந்துவிடாது.

இருவரும் உண்மையாகவே சமாதானமானால் உயர் நீதிமன்றத்தை அணுகி, வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். பி.எஸ். ஜோஷி வழக்கிலும் (2003) கியான் சிங் வழக்கிலும் (2012) உச்ச நீதிமன்றம் இவ்வழியை ஏற்றுக்கொண்டது. ஆனால் முடிவு நீதிபதியுடையது. கொலை போன்ற கொடிய குற்றங்களுக்கு இந்த வழி இல்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வகையானது. பாதுகாப்பு ஆணை, வீட்டில் குடியிருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை அது தருகிறது. பாதுகாப்பு ஆணை தேவையில்லை என்று அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். ஆணை நடப்பில் இருக்கும்போது கணவன் அதை மீறினால், ஓர் ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? வழக்கின் சாவி மனைவியின் கையில் மட்டும் இருந்தால், அதைப் பிடுங்க வீடே திரளும். அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவளிடமே எல்லோரும் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். வழக்கு அரசுடையது என்பது அவளுக்கு ஒரு கேடயம்.

இனி விசுவாசம். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, கணக்கு வைக்காமல் மன்னிக்கவே ஆண்டவர் கற்பித்தார். இதில் மாற்றம் இல்லை. ஆனால் மன்னிப்பு வேறு, வழக்கைக் கைவிடுவது வேறு. தம்மைச் சுட்ட அலி அக்காவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983 டிசம்பரில் உரோமைச் சிறையில் சந்தித்தார். அதற்கு முன்பே மன்னித்தும் இருந்தார். ஆயினும் 2000-இல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்பு வழங்கும்வரை அக்கா சிறையில்தான் இருந்தார்.

ஒப்புரவு அருட்சாதனத்திலும் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றும் உண்டு. சக்கேயு வாயால் மட்டும் வருந்தவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். குடிப்பதை நிறுத்தாமல், ஆலோசனைக்கும் செல்லாமல், "மன்னித்துவிடு" என்று மட்டும் கேட்கும் கணவன் மன்னிப்பை அல்ல, வசதியைத்தான் தேடுகிறான்.

"திருமணம் பிரிக்க முடியாதது, ஆகவே பொறுத்துக்கொள்" என்று கூறுவோரும் உண்டு. திருமண உறவு முறிக்க இயலாதது என்பது உண்மை. அதே திருச்சபைதான், துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து நேர்ந்தால் பிரிந்து வாழலாம் என்று சட்ட எண் 1153-இல் கூறுகிறது. தாமதம் ஆபத்தானால் தானாகவே விலகலாம் என்றும் அது அனுமதிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'அன்பின் மகிழ்வு' மடலில் (2016), வன்முறைக்கு ஆளானவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படி தேவையாகவே ஆகலாம் என்கிறார்.

அன்பர்களே, இப்படி ஒரு பெண் நம்மிடம் வரும்போது முதலில் அவளிடம் தனியாகப் பேச வாய்ப்பளிப்போம். "மறுபடியும் அடித்தால் எங்கே போவாய்?" என்று கேட்போம். பெண்களுக்கான 181 உதவி எண்ணைச் சொல்வோம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞரைத் தரும் என்பதையும் அறிவிப்போம். சமாதானம் செய்பவர்கள் பேறுபெற்றவர்களே. ஆனால் ஒருத்தியின் வாயை அடைத்துப் பெறும் அமைதி கிறிஸ்துவின் சமாதானம் அன்று.