கறுப்பு என்ன சொல்கிறது?

கையில் கிடைத்த காகிதம், துணி, கயிறு ஆகியவற்றைப் படத்தின் மேலேயே ஒட்டிவிடுவது கொலாஜ். 1912-ல் பிக்காசோ பிரம்பு நாற்காலியின் பின்னலை வரையவில்லை; பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டி, படத்தைச் சுற்றி நிஜக் கயிற்றையே சட்டமாக வைத்தார். அதே ஆண்டு அவர் நண்பர் பிராக், மரரேகை அச்சடித்த சுவர்த்தாளை வெட்டிக் கரிக்கோட்டுச் சித்திரத்தில் சேர்த்தார். துணி துணியாகவே இருக்கிறது, பிரம்பாகவும் தெரிகிறது. கொலாஜின் பொருள் இந்த இரட்டை இருப்பில்தான் தொடங்குகிறது.

பிக்காசோவின் 'சூஸ் புட்டி'யும் 1912-ல் செய்ததுதான். எட்ட நின்றால் நீல மேசை, அதன்மேல் சூஸ் என்னும் மதுவின் புட்டி, காபிக்கடையின் நிம்மதி. கிட்டப் போனால், சுற்றிலும் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளில் பால்கன் போரும் காலராவில் சாகும் சிப்பாய்களும். அந்த எழுத்துகள் வெறும் சாம்பல் நிறத்துக்காக ஒட்டப்பட்டவை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் படிக்க முடிகிற எழுத்தைப் படிக்காமல் நகர்ந்தால் பாதிப் படம் கைவிட்டுப் போகும்.

அரூப ஓவியத்தில் படிக்க எழுத்தும் இல்லை, அடையாளம் காண உருவமும் இல்லை. நிறம், விளிம்பு, பூச்சின் கனம் மட்டுமே. ஓவியர் காண்டின்ஸ்கி 1911-ல் வெளியான தம் நூலில் வெளிர்நீலத்தைப் புல்லாங்குழலுக்கும் கருநீலத்தைச் செல்லோவுக்கும் ஒப்பிட்டார். கறுப்பு அவருக்கு எதிர்காலமற்ற மௌனம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் இந்தக் கணக்கு தலைகீழ். கோடையில் காய்ந்த நிலம் சாம்பல் வெளுப்பாகி, கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை இறங்கியதும் அதே மண் கன்னங்கரேலென்று ஆகும். விதைப்புக்கு ஏர் கட்டச் சொல்லும் நிறம் அது. நிறத்தின் உணர்வு நிறத்துக்குள் மட்டும் இல்லை, பார்க்கிறவரின் மண்ணிலும் இருக்கிறது.

ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) இந்த வட்டாரத்துக்காரர் அல்லர். துறையூர்ப் பக்கம் கீராம்பூர். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கரிசல் மனிதர்களைக் கோட்டில் நிறுத்தியவர் அவர். பிற்கால எண்ணெய் வண்ண ஓவியங்களில் கோட்டையே விட்டுவிட்டு நிறப்பரப்புகளுக்குப் போனார். அவற்றின் முன் நிற்பவர் "இது என்ன?" என்று கேட்பதைவிட, ஒரு நிறம் இன்னொன்றை எங்கே தொடுகிறது, எங்கே அழுத்துகிறது, மேல்பூச்சின் அடியிலிருந்து எது எட்டிப்பார்க்கிறது என்று கவனிப்பது நல்லது. கரிசல்காட்டுக்காரர் அங்கே ஒரு கறுப்பைக் கண்டு ஈரத்தை உணர்ந்தால், அது பிழையான வாசிப்பு ஆகாது. பக்கத்து நிறங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.