நாய்க்குட்டியை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் வாரங்களில்தான் அதன் குணம் உருவாகிறது

புதுடெல்லி: தடுப்பூசிகள் அனைத்தும் போட்டு முடியும்வரை நாய்க்குட்டியை வாசற்படி தாண்ட விடக் கூடாது என்பது நாய் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள வழக்கம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கு அஞ்சிக் கடைப்பிடிக்கப்படும் இந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் குட்டி மனிதர்களை நம்பி வாழும் நாயாக வளருமா, அந்நியரைக் கண்டால் மிரண்டு கடிக்கும் நாயாக மாறுமா என்பதும் பெருமளவு அதே வாரங்களில்தான் தீர்மானமாகிறது.

குட்டி பிறந்து ஏறத்தாழ 3 வாரங்களில் தொடங்கும் இந்தப் பழகும் பருவம், 12 முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இக்காலத்தில் அச்சமின்றிப் பார்த்த மனிதர்களையும் கேட்ட ஒலிகளையும் நாய் இயல்பானவையாக ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு முதன்முறையாகச் சந்திப்பவற்றை ஐயத்துடனேயே அணுகுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நடைபெற்று, 1961-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உயரமான வேலி சூழ்ந்த திறந்தவெளியில் மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகள், வெவ்வேறு வார வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதர்களுடன் பழக விடப்பட்டன. 14 வாரங்கள்வரை அந்த வாய்ப்பே கிடைக்காத குட்டிகள், அதன் பின்னர் எவ்வளவு கொஞ்சியும் காட்டு விலங்குகளைப் போல ஒதுங்கியே நின்றன.

தடுப்பூசி அட்டவணையை இதனுடன் ஒப்பிட்டால் சிக்கல் புரியும். முதல் ஊசி 6 முதல் 8 வாரங்களில் போடப்படுகிறது. 3 அல்லது 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள் தொடர்ந்து, ஏறத்தாழ 16-ஆவது வாரத்தில் நிறைவடைகின்றன. அதாவது, குட்டியை வெளியே விடலாம் என்று குடும்பத்தார் நிம்மதி அடையும் நாளில் பழகும் பருவம் கடந்துபோயிருக்கும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரங்களுக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது. எனவே, புதிய குடும்பத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் மட்டுமே.

விதியை மீறி 5, 6 வாரங்களிலேயே குட்டியை வாங்குவதும் தீர்வாகாது. உடன்பிறந்த குட்டிகளுடன் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கிறது.

தீர்வு என்ன?

விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் தடுப்பூசி போட்டு 7 நாள்கள் கழிந்ததும், தூய்மையான சூழலில் குட்டிகளைப் பிறருடன் பழக்கத் தொடங்கலாம் எனப் பரிந்துரைத்தது. தெருநாய்கள் மிகுந்த இந்திய நகரங்களில் இதை அப்படியே பின்பற்றுவது கடினம். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. ஆனால், குட்டியைத் தரையில் விடாமலேயே உலகைக் காட்ட முடியும்.

கையிலோ கூடையிலோ வைத்துக்கொண்டு வாசலில் பத்து நிமிடம் நின்றாலே போதும். தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரியின் குரல், தலைக்கவசம் அணிந்த விநியோக ஊழியர், கைத்தடியுடன் நடக்கும் முதியவர், சீருடை அணிந்த பள்ளிச் சிறுவர்கள், காவலாளியின் விசில், மின்தூக்கியின் அதிர்வு என அனைத்தும் அதற்குப் பாடங்களே. வீட்டுக்குள் குக்கர் விசிலும் மிக்ஸி ஓசையும் இருக்கின்றன. தீபாவளிப் பட்டாசு ஒலியைக் கைப்பேசியில் மிக மெல்லிதாக ஒலிக்கவிட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒவ்வொரு புதிய அனுபவத்தின்போதும் வேகவைத்த கோழியிறைச்சி அல்லது பனீர் துண்டு ஒன்றைக் கொடுத்தால், புதியது என்றாலே நல்லது என்று குட்டி புரிந்துகொள்ளும். அது பின்வாங்கினால் விலகிச் செல்ல விட வேண்டும். 'பழகட்டும்' என்று வலுக்கட்டாயமாகப் பிறர் மடியில் திணிப்பது எதிர்விளைவையே தரும்.

குட்டிகள் கடிப்பது பற்றிய புகார்களே குடும்பங்களில் அதிகம். 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் 4 முதல் 7 மாதங்களில் கடி மும்முரமாகும். பல் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் திரும்பி நின்று, பின்னர் மெல்லுவதற்கு ஏற்ற பொம்மையைக் கொடுக்கலாம். மூக்கில் அடிப்பதும், சிறுநீர் கழித்த இடத்தில் முகத்தைத் தேய்ப்பதும் இன்றும் அறிவுரையாகவே சொல்லப்படுகின்றன. இவற்றால் குட்டி கற்பது ஒன்றுதான்: மனிதக் கை ஆபத்தானது. செயல் நடந்த ஓரிரு நொடிகளுக்குள் கிடைக்காத பாராட்டையோ கண்டிப்பையோ அதனால் அச்செயலுடன் தொடர்புபடுத்த முடியாது.

கழிப்பிடப் பழக்கத்துக்குத் தனி வித்தை ஏதுமில்லை. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுசென்று, அங்கே கழித்தவுடன் பாராட்டினால் போதும்.

வெறிநாய்க்கடி நோய் குறித்து மட்டும் சமரசத்துக்கு இடமில்லை. ரேபிஸ் தடுப்பூசி சுமார் 3 மாத வயதில்தான் போடப்படுவதால், அதற்கு முன் குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், 'சின்னக் குட்டிதானே' என்று விட்டுவிடக் கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் சிறுவர்கள் அதைத் தொடாதிருக்கவும், பெரியவர் உடனில்லாமல் இருவரையும் தனியே விடாதிருக்கவும் வேண்டும்.

பழக்கப்படுத்தப்படாத நாய்களுக்குப் பெரும்பாலும் நேர்வது சங்கிலி அல்லது தெரு. நாயை நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிவைத்த நாய்க்கு நடைப்பயிற்சி அளிக்காததும், பட்டினி கிடக்கும் நிலையில் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்கீழ் குற்றங்கள். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி 6 மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பருவம் கடந்த நாய்களும் கற்கும். ஆனால் வாரங்களில் முடிந்திருக்கக் கூடிய வேலைக்கு மாதங்கள் பிடிக்கும். சில நாய்களுக்கு அச்சம் முற்றிலும் நீங்குவதில்லை. குட்டியை வாங்கும் நாளிலேயே முதல் ஊசி போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து எட்டாம் நாள் அதை வாசலுக்குத் தூக்கிச் செல்லலாமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யலாம்.